வேண்டாம்னு சொல்ல எத்தனை க்ளிக்? குக்கியின் 30 வருஷக் கதை

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சம்பவம் சொல்லிடறேன்.

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்குப் பதினோரு வயசு. புதுசா வரப்போற ஒரு கேமோட டிரெய்லர் பார்க்கணும்னு என் லேப்டாப்பை வாங்கிட்டு உட்கார்ந்தான். பக்கம் திறந்தது. வீடியோ இருக்க வேண்டிய இடத்துல ஒரு சாம்பல் நிறப் பெட்டி. இந்த வீடியோவைப் பார்க்கணும்னா விளம்பரக் குக்கிகளை ஏத்துக்கணும்கிற மாதிரி நாலு வரி இங்கிலீஷ், கீழே ஒரு பச்சை பட்டன். நான் அந்த நாலு வரியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பையன் பட்டனை அமுக்கிட்டான்.

"என்னடா அமுக்கின?"

"அதை அமுக்கினாத்தான் மாமா வீடியோ வரும்."

அவன் சொன்னது சரிதான். ஆனா ஒரு வீடியோ ஓடுறதுக்கும் விளம்பரத்துக்காக என்னைப் பின்தொடர்றதுக்கும் என்ன சம்பந்தம்? தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. ரெண்டையும் சேர்த்துக் கட்டினது யாரோ சிலர் எடுத்த முடிவு. அந்த முடிவுகள் எங்கே ஆரம்பிச்சு, கேம் உலகத்துக்கு எப்படி வந்து சேர்ந்ததுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

செருப்பு டோக்கன்

1994-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் நெட்ஸ்கேப் என்ற புது நிறுவனம் ஒரு பிரவுசரை உருவாக்கிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் லூ மோன்டுல்லி. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே லின்க்ஸ் என்ற எழுத்து மட்டும் காட்டும் பிரவுசரை எழுதியவர்களில் ஒருவர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்.

அன்றைய வெப்புக்கு ஞாபகசக்தியே கிடையாது. நீங்க ஒரு பக்கத்தைக் கேட்பீங்க, சர்வர் அனுப்பும், அதோட உங்களை மறந்துடும். அடுத்த நொடி நீங்களே இன்னொரு பக்கம் கேட்டாலும் அதுக்கு நீங்க புது ஆள்தான். கட்டுரை படிக்க இது போதும். கடை நடத்த முடியாது. கூடையில் ஒரு பொருளைப் போட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போனா கூடை காலி. எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனம் நெட்ஸ்கேப்பை வைத்து ஒரு ஆன்லைன் கடை கட்ட நினைத்தது. வாடிக்கையாளர் பாதியில் விட்டுப்போன கூடையை எல்லாம் தங்கள் சர்வரில் சுமக்க அவர்களுக்கு விருப்பம் இல்லை.

இதுக்கு ரொம்ப சுலபமான ஒரு தீர்வு இருந்தது. ஒவ்வொரு பிரவுசருக்கும் நிரந்தரமா ஒரு எண் கொடுத்துடலாம். எந்தத் தளத்துக்குப் போனாலும் பிரவுசர் அந்த எண்ணைச் சொல்லும். வேலை முடிஞ்சது. மோன்டுல்லி இதை வேண்டாம்னு ஒதுக்கினார். ஏன்னா, எல்லாத் தளங்களும் ஒரே எண்ணைப் பார்த்தா, அவங்க தங்களுக்குள்ள பேசி ஒருத்தர் எங்கெல்லாம் போறார்னு கோர்த்துடலாம்.

அதனால் அவர் செய்தது கோயில் வாசல் செருப்பு டோக்கன் மாதிரி. செருப்பை விடும்போது கடைக்காரர் ஒரு டோக்கன் தருவார். அதில் உங்க பேர் இருக்காது, ஊர் இருக்காது, வெறும் நம்பர். திரும்பி வரும்போது நீட்டினா உங்க செருப்பு கிடைக்கும். அந்த டோக்கனைப் பக்கத்து ஊர்க் கோயிலில் நீட்டினா ஒண்ணும் நடக்காது. அது அந்தக் கடைக்கு மட்டும்தான். யூனிக்ஸ் ஆட்கள் இந்த மாதிரி நிரல்கள் பரிமாறிக்கொள்ளும் சீட்டை ஏற்கெனவே "மேஜிக் குக்கி" என்று அழைத்தார்கள். மோன்டுல்லி அந்தப் பேரையே எடுத்துக்கிட்டார். சக ஊழியர் ஜான் ஜியானாண்ட்ரியாவோடு சேர்ந்து அதன் முதல் விவரக்குறிப்பை எழுதினார். அக்டோபர் 1994-ல் வெளிவந்த நெட்ஸ்கேப்பின் சோதனைப் பதிப்பில் குக்கி இருந்தது. ஒருத்தர் நெட்ஸ்கேப் தளத்துக்கு முன்னாடியே வந்திருக்காரான்னு பார்க்கத்தான் அதை முதல்ல பயன்படுத்தினாங்க.

ஆக, குக்கி பிறந்ததே உளவு பார்க்கன்னு சொன்னா அது தப்பு. யாரும் யாரையும் தளம் தளமா பின்தொடரக் கூடாதுன்னு யோசிச்சு செஞ்ச ஒண்ணு அது. இன்னைக்கும் நீங்க லாகின் பண்ணினா லாகின்லயே இருக்கிறது, ஸ்டீம் கடையில் வயசு கேட்கும் பக்கத்தில் கொடுத்த பிறந்த தேதி ஞாபகம் இருக்கிறது, எல்லாம் இந்த டோக்கன் தயவுதான்.

எல்லாக் கோயில் வாசலிலும் ஒரே கான்ட்ராக்டர்

அப்போ ஓட்டை எங்கே?

ஒரு வெப் பக்கத்தில் இருக்கிற எல்லாமே அந்தத் தளத்தில் இருந்து வர வேண்டியது இல்லை. ஒரு படத்தை வேறொரு சர்வரில் இருந்து இழுத்துக்கலாம். பிரவுசர் அந்தப் படத்தைக் கேட்கும்போது, படத்தோட சொந்தக்காரரும் ஒரு டோக்கன் கொடுக்கலாம். விளம்பர நிறுவனங்கள் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. நூறு தளங்களில் ஒரே நிறுவனத்தோட விளம்பரப் படம் இருந்தா, நூறு இடத்திலும் நீங்க நீட்டுறது ஒரே டோக்கன். ஒவ்வொரு கோயில் வாசலிலும் செருப்புக் கடை எடுத்திருக்கிறது ஒரே கான்ட்ராக்டர்னு வெச்சுக்கங்க. உங்க பேர் தெரியாமலேயே, நீங்க எந்தக் கிழமை எந்தக் கோயிலுக்குப் போறீங்கன்னு அவருக்குத் தெரியும். இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கி.

பொதுமக்களுக்கு இது முதலில் தெரியவே தெரியாது. குக்கியை ஏற்கிறது இயல்புநிலையாவே இருந்தது. பிப்ரவரி 1996-ல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்ட பிறகுதான் பேச்சு கிளம்பியது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996-லும் 1997-லும் நடத்திய விசாரணைக் கூட்டங்களில் குக்கியும் பேசப்பட்டது.

இப்போ நான் சொல்லப்போறது நிறைய டெவலப்பர்களுக்கே தெரியாது. பிப்ரவரி 1997-ல் குக்கிக்கான முதல் அதிகாரபூர்வ இணையத் தரநிலை வெளிவந்தது. பேர் ஆர்எஃப்சி 2109. எழுதியவர்கள் பெல் லேப்ஸைச் சேர்ந்த டேவிட் கிறிஸ்டல், இன்னொருவர் அதே மோன்டுல்லி. மூன்றாம் தரப்புக் குக்கி விஷயத்தில் அதில் தெளிவாவே எழுதியிருந்தது: பயனாளர் தானாகப் போகாத தளத்தோடு பிரவுசர் குக்கி பரிமாறக் கூடாது. வேணும்னா அதை அனுமதிக்க ஒரு ஆப்ஷன் தரலாம், ஆனா அந்த ஆப்ஷன் இயல்பாக அணைஞ்சிருக்கணும்.

1997-லேயே பிரச்சனையைப் பார்த்துட்டாங்க, தீர்வையும் எழுதிட்டாங்க. பெரிய பிரவுசர்கள் ரெண்டும், அதாவது நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும், அதைச் செய்யவில்லை. நெட்ஸ்கேப் 4-ல் மூன்றாம் தரப்புக் குக்கியை நிறுத்த ஒரு அமைப்பு இருந்தது, ஆனா நீங்களே தேடிப் போய் மாத்தணும்.

ஏன் அப்படி விட்டாங்கன்னு மோன்டுல்லி பின்னாளில் விளக்கம் எழுதியிருக்கார். விளம்பர வருமானத்தில்தான் அன்றைய இலவசத் தளங்கள் ஓடின. அதோட, குக்கியை அடைச்சா விளம்பரக்காரங்க வேற வழி கண்டுபிடிப்பாங்க, அந்த வழி பயனாளர் கண்ணுக்கே தெரியாததா இருக்கும், குக்கியையாவது அழிக்க முடியும்னு நினைச்சாங்க. இந்த வாதத்தை லேசா தள்ளிட முடியாது. பாதி பலிச்சதை கேம் கதையில் பார்க்கப்போறோம். ஆனா அன்னைக்கு நடந்தது இவ்வளவுதான்: "வேணும்"கிறதுக்கு ஒரு செலவும் இல்லை, "வேண்டாம்"கிறதுக்கு மெனுவுக்குள்ள போய்த் தேடணும்.

டபுள்க்ளிக், அப்புறம் சட்டம்

அந்த இயல்புநிலையில் வளர்ந்த பெரிய நிறுவனம் நியூயார்க்கின் டபுள்க்ளிக். 1999-ல் அது அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. அபாகஸிடம் இருந்தது தபால் விற்பனைப் பட்டியல்களில் பொருள் வாங்கியவர்களின் பெயர், முகவரி. பேர் இல்லாத டோக்கனையும் பேர் இருக்கிற பட்டியலையும் ஒட்டவைக்கும் திட்டம். பெரிய எதிர்ப்பு வந்தது, ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரித்தது. மார்ச் 2000-ல் நிறுவனத் தலைவர் கெவின் ஓ'கானர் அந்தத் திட்டம் தவறு என்று ஒப்புக்கொண்டு நிறுத்திவைத்தார். 2007-ல் கூகுள் அந்த டபுள்க்ளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

ஐரோப்பா சட்டத்தைக் கையில் எடுத்தது. 2002-ல் வந்த இபிரைவசி உத்தரவு, விவரம் சொல்லி மறுக்கும் வாய்ப்பு கொடுத்தால் போதும் என்றது. 2009-ல் அதைத் திருத்தி, முன்கூட்டியே சம்மதம் வாங்கணும் என்றார்கள். இன்னைக்கு நாம சலிச்சுக்கிட்டு அமுக்கிற பேனருக்கு மூலம் இதுதான். 2018 மே மாதம் ஜிடிபிஆர் அமலுக்கு வந்து, சம்மதம் என்றால் என்ன என்பதை இன்னும் இறுக்கியது.

ஒரு கேம் நிறுவனமும் ஒரு டிக்கும்

குக்கி சம்மதத்தைப் பற்றி ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த முக்கியமான தீர்ப்பே ஒரு ஆன்லைன் கேம் நிறுவனத்தோட வழக்கில்தான் வந்தது. ஜெர்மனியின் பிளானட்49. செப்டம்பர் 2013-ல் அது ஆன்லைனில் ஒரு பரிசுப்போட்டி நடத்தியது. கலந்துக்க பேர், முகவரி கொடுக்கணும். கீழே ரெண்டு கட்டங்கள். முதல் கட்டம், ஸ்பான்சர்கள் உங்களைத் தொடர்புகொள்ளச் சம்மதம். அது காலியா இருக்கும், ஆனா அதை டிக் பண்ணாம போட்டிக்குள்ள போக முடியாது. ரெண்டாவது கட்டம், விளம்பரத்துக்காகக் குக்கி வைக்கச் சம்மதம். அதில் ஏற்கெனவே டிக் போட்டு வெச்சிருந்தாங்க. வேண்டாம்னா நீங்கதான் எடுக்கணும்.

ஜெர்மன் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. அக்டோபர் 1, 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: முன்னாடியே போட்டு வெச்ச டிக் சம்மதம் ஆகாது. ஒருத்தர் டிக்கை எடுக்காம விட்டார்னா, அவர் சம்மதிச்சாரா, இல்லை அந்த வரியைப் படிக்கவே இல்லையான்னு எப்படிச் சொல்வீங்க? குக்கி எவ்வளவு காலம் இருக்கும், வேற யார் அதைப் பார்ப்பாங்கன்னும் சொல்லணும்.

நல்ல தீர்ப்பு. ஆனா முதல் கட்டத்தைக் கவனிச்சீங்களா? டிக் போட்டாத்தான் உள்ளே விடுவோம்கிறது. அப்படி வாங்கின சம்மதம் சுதந்திரமா கொடுத்ததாகுமான்னு ஜெர்மன் நீதிமன்றம் கேள்வி அனுப்பவில்லை, அதனால் தாங்களும் அதைப் பார்க்கப்போவதில்லை என்று நீதிபதிகள் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார்கள். என் அக்கா பையன் பார்த்த சாம்பல் பெட்டி அந்த இடத்துலதான் உட்கார்ந்திருக்கு.

குக்கி இல்லாத இடத்தில்

இப்போ மோன்டுல்லி பயந்ததுக்கு வருவோம். பிசி கேம் பிரவுசருக்குள்ள ஓடுறது இல்லை. ஒருத்தர் ஒரு வெப்சைட்டில் கேம் விளம்பரத்தை க்ளிக் பண்ணிட்டு, ஸ்டீமில் போய் வாங்கி, இன்ஸ்டால் பண்ணி விளையாடுறார். விளம்பரத்தைப் பார்த்துத்தான் வாங்கினாரான்னு தெரிஞ்சுக்கணும். பிரவுசரோட குக்கியை கேமால் படிக்க முடியாது.

இந்த இடைவெளிக்கு வந்ததுதான் ரெட் ஷெல் என்ற கருவி. இன்னர்வேட் என்ற நிறுவனம் செஞ்சது. விளம்பரத்தை க்ளிக் பண்ணும்போது உங்க ஐபி முகவரி, ஆபரேட்டிங் சிஸ்டம், திரை அளவு மாதிரி விவரங்களைக் குறிச்சு வெச்சுக்கும். அப்புறம் கேமைத் திறக்கும்போது, கேமுக்குள்ள இருக்கிற சின்ன நிரல் அதே விவரங்களை மறுபடி அனுப்பும். ரெண்டும் ஒத்துப்போனா ஒரே ஆள். டோக்கன் கொடுக்காமலேயே, உங்க நடையையும் உயரத்தையும் வெச்சு அடையாளம் வெச்சுக்கிற கடைக்காரர் மாதிரி. டோக்கனையாவது தூக்கிப் போடலாம். இதை எப்படிப் போடறது?

ஜூன் 2018-ல் கேம் விளையாடுறவங்களே இதைக் கண்டுபிடிச்சு, எந்தெந்த கேமில் இருக்குன்னு ரெட்டிட்டில் பட்டியல் போட்டாங்க. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன், கோனன் எக்ஸைல்ஸ், டோட்டல் வார் மாதிரி பெரிய பேர்கள் எல்லாம் வந்தது. தனிப்பட்ட தகவல் எதையும் சேகரிப்பதில்லை என்று இன்னர்வேட் சொன்னது. ஆனா காசு கொடுத்து வாங்கின கேமுக்குள்ள, இன்ஸ்டால் பண்ணும்போது கேட்காத ஒண்ணு ஓடுதுங்கிறதுதான் வீரர்களோட கோபம். சில வாரங்களில் பல நிறுவனங்கள் அதை எடுத்துட்டாங்க. எல்டர் ஸ்க்ரோல்ஸ் தரப்பு, அது தவறுதலா உள்ளே போயிடுச்சுன்னு சொன்னாங்க.

மொபைலிலும் இதே கதை. ஏப்ரல் 2021-ல் ஐஃபோனில் ஆப்பிள் ஒரு மாற்றம் கொண்டு வந்தது. மற்ற ஆப்களிலும் உங்களைப் பின்தொடரணும்னா ஒவ்வொரு ஆப்பும் கேட்கணும். பிரான்சின் மொபைல் கேம் நிறுவனம் வூடூவோட கேம்களில், "வேண்டாம்"னு அமுக்கினவங்களுக்கும் வேறொரு எண் பயன்பட்டது. ஒரே நிறுவனத்தோட ஆப்களுக்குப் பொதுவா ஆப்பிள் கொடுக்கிற அடையாள எண் அது. அதை வெச்சு விளம்பரத்துக்கான தகவல் எடுத்ததுக்காக, பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் டிசம்பர் 2022-ல் 30 லட்சம் யூரோ அபராதம் போட்டது. "வேண்டாம்" பட்டன் இருந்தது. அமுக்கினாங்க. பலன் இல்லை.

அதே டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒரு நடவடிக்கை. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், குழந்தைகள் தனியுரிமைச் சட்டத்தை மீறியதாக ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடர்ந்த வழக்கை முடிக்க 27.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. குற்றச்சாட்டுகளில் ஒண்ணு, முன்பின் தெரியாதவங்களோட பேசும் வாய்ஸ் சாட் குழந்தைகளுக்கும் இயல்பாவே ஆன் ஆகியிருந்தது என்பது. 1997-ல் ஒரு பிரவுசர் மெனுவுக்குள்ள இருந்த அதே கேள்விதான் இது: யாரும் எதையும் தொடாம விட்டா, ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கும்?

என் பங்கு

இந்த இடத்தில் நானும் ஒண்ணு ஒப்புக்கணும். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஒரு வாடிக்கையாளருக்காக குக்கி பேனர் செய்யற டிக்கெட் எனக்கு வந்தது. டிசைனில் "எல்லாம் ஏற்கிறேன்" பெரிய கலர் பட்டன். மறுக்கணும்னா "அமைப்புகள்"னு சின்ன சாம்பல் எழுத்தை அமுக்கி, அடுத்த திரையில் ஒவ்வொரு ஸ்விட்ச்சா அணைச்சு, கீழே வரை இறங்கி சேமிக்கணும். ஏன் முதல் திரையிலேயே மறுக்க ஒரு பட்டன் வைக்கக் கூடாதுன்னு மீட்டிங்கில் ஒரு தடவை கேட்டேன். "ரிக்வயர்மென்ட்ல இல்லையே"ன்னாங்க. நானும் ரெண்டாவது தடவை கேட்கலை. அன்னைக்கு சாயங்காலமே முடிச்சுக் கொடுத்துட்டேன். நல்லா வேலை செஞ்சது.

இது ஏதோ நுணுக்கமான விஷயம் இல்லை. ஏற்க ஒரு க்ளிக், மறுக்கப் பல க்ளிக் என்று வைத்ததற்காக அதே பிரெஞ்சு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. ஜனவரி 2022-ல் அந்தச் செய்தியைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது என் சிஎஸ்எஸ் ஃபைல்தான். அந்தச் சாம்பல் நிறத்தோட கலர் கோடு இன்னும் மறக்கலை.

மோன்டுல்லியும் கிறிஸ்டலும் எழுதின ஒரு வரியை பிரவுசர் கம்பெனிகள் 1997-லேயே செஞ்சிருந்தா, இத்தனை பேனரும் இவ்வளவு அபராதமும் தேவைப்பட்டிருக்காதுன்னு சொல்லிட முடியாது. விளம்பரக்காரங்க வேற வழி தேடியிருப்பாங்க, தேடவும் செஞ்சாங்க. ஆனா இயல்புநிலையை மாத்தினவங்களும் இருக்காங்க. ஃபயர்ஃபாக்ஸ் 2019-ல் அறியப்பட்ட பின்தொடரும் குக்கிகளை இயல்பாவே தடுத்தது. சஃபாரி மார்ச் 2020-ல் மூன்றாம் தரப்புக் குக்கியை முழுசா அடைச்சது. குரோம் 2020 ஜனவரியில் ரெண்டு வருஷத்தில் நிறுத்துவோம் என்று அறிவித்து, தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, கடைசியில் ஜூலை 2024-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

நம்ம ஊரிலும் இனி இது சட்டக் கேள்வி. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களைப் பின்தொடர்வதையும் அவங்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும், சில விலக்குகளோடு, தடை செய்யுது. விதிகள் நவம்பர் 2025-ல் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பொறுப்புகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதாவது இந்த நேரத்தில் ஏதோ ஒரு ஆபீசில் யாரோ ஒரு ஜூனியருக்கு அந்த டிக்கெட் வந்திருக்கும். அது நீங்களா இருந்தா, மீட்டிங்கில் ரெண்டாவது தடவையும் கேளுங்க.

அக்கா பையன் விஷயத்துக்கு வர்றேன். அவன் டிரெய்லர் பார்த்து முடிச்சதும், பிரவுசர் அமைப்பில் அந்தத் தளத்தோட குக்கிகளை எப்படி அழிக்கிறதுன்னு காட்டினேன். மூன்றாம் தரப்புக் குக்கியைத் தடுக்கிற ஸ்விட்ச்சையும் காட்டினேன். அப்புறம் அதே டிரெய்லரை யூடியூபில் தேடினோம். லாகின் இல்லாத தனி விண்டோவில், முதல் முடிவாவே இருந்தது.

"அப்ப எதுக்கு மாமா அங்க அமுக்கச் சொன்னாங்க?"

இந்த எபிசோட் முழுக்க அவனுக்குச் சொன்ன பதில்தான். பாதியிலேயே கேம் விளையாடப் போயிட்டான்.